சொல்லுக்கு அரை சென்ட்

1945 நவம்பரில் எட்மண்ட் வில்சன் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் ஹெச்.பி. லவ்கிராஃப்டைப் பற்றி எழுதிய கட்டுரையை நான் முதலில் படித்தபோது எனக்கு லவ்கிராஃப்டைத் தெரியாது. வில்சனைத் தெரியும். அது போதும் என்று நினைத்துவிட்டேன். ஜாய்ஸையும் ப்ரூஸ்ட்டையும் ஆங்கில வாசகனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர், ஒரு ஆசாமியின் கதைகளை மலிவான ரசனையின் விளைவு என்று ஒதுக்கிவிட்டால் அதற்கு மேல் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? அந்தக் கட்டுரை 1950இல் வந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது. தொகுப்பின் பெயரே ‘கிளாசிக்ஸ் அண்ட் கமர்ஷியல்ஸ்’. எது எந்தப் பக்கம் என்பதில் வில்சனுக்குச் சந்தேகமில்லை. எனக்கும் இருக்கவில்லை. பல்ப் பத்திரிகை என்ற சொல்லை வசவாக நானும் பல தடவை உபயோகித்திருக்கிறேன்.

பிறகு நடந்தது ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் முக்கியமான எழுத்துக்கள் நல்ல பதிப்பில் எப்போதும் கிடைக்க ஒரு வரிசை வேண்டும் என்று வெகுகாலம் வாதாடியவர் வில்சன். 1972இல் அவர் இறந்து பத்து வருஷங்கள் கழிந்து ‘லைப்ரரி ஆஃப் அமெரிக்கா’வின் முதல் தொகுதிகள் வெளிவந்தன. 2005இல் அதே வரிசையில் லவ்கிராஃப்டுக்கு ஒரு தொகுதி வந்தது.

இதை வில்சனின் தோல்வியாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு இல்லை. நேற்று வரை குப்பை என்றதை இன்று வெகுஜனக் கலாசாரத்தின் கலகம் என்று சொல்லி ஆராய்ச்சிப் பட்டம் வாங்குவதில் விமர்சனம் எதுவும் நடப்பதில்லை. விலைச்சீட்டு மட்டும் மாறுகிறது. ஆனால் வில்சனிடம் இரவல் வாங்கிய தீர்ப்போடும் இனி என்னால் காலம் தள்ள முடியாது. வியாபாரப் பத்திரிகையின் மேலுள்ள விரோதத்தில்தான் நாம் உருவானோம். அந்த விரோதம் நியாயமானது. ஆனால் கோடு எங்கே ஓடுகிறது? இரண்டு ஜாதிப் பத்திரிகைகளுக்கு நடுவிலா, அல்லது ஒரே பக்கத்துக்கு உள்ளேயா? பல்ப் பத்திரிகைகளின் சரித்திரத்தை இந்தக் கேள்விக்காகவே திரும்பப் படித்தேன்.

*

பெயர் காகிதத்திலிருந்து வந்தது. மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்த மலிவான காகிதம். மரத்திலுள்ள லிக்னின் அதில் தங்கிவிடுவதால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். வருஷங்கள் போனால் புரட்டும் விரலில் பொடியாக ஒட்டிக்கொள்ளும். ஃப்ராங்க் மன்ஸி 1882இல் சிறுவர்களுக்காக நியூயார்க்கில் ஆரம்பித்த ‘கோல்டன் ஆர்கஸி’ என்ற வாரப் பத்திரிகை பல ரூபம் எடுத்து, 1896இல் முழுக்கக் கதைகள் மட்டுமே கொண்ட ‘ஆர்கஸி’யாக இந்தக் காகிதத்துக்கு வந்து சேர்ந்தது. அச்சடிக்கும் காகிதத்தைவிடக் கதை முக்கியம் என்பது மன்ஸியின் கொள்கை. கேட்பதற்கு நம் கொள்கை மாதிரியே இருக்கிறது.

வழவழப்பான காகிதத்தில் வந்த பெரிய பத்திரிகைகள் விளம்பரதாரர்களின் பணத்தில் ஓடின. பல்ப் பத்திரிகை பெரும்பாலும் வாசகன் கடையில் நீட்டிய பத்து, பதினைந்து, இருபத்தைந்து சென்ட்டை நம்பியது. ஆகவே ஆசிரியருக்கு ஒரே தெய்வம் வாசகன். அந்தத் தெய்வம் கேட்ட படையல் ஒன்றுதான்: போன மாதம் கிடைத்த அதே சந்தோஷம் இந்த மாதமும் வேண்டும். 1912இல் மன்ஸியின் ‘ஆல்-ஸ்டோரி’ பத்திரிகையில் எட்கர் ரைஸ் பரோஸ் என்ற, பல தொழில்களில் தோற்ற மனிதர் செவ்வாய்க் கிரகத்துத் தொடர் ஒன்றை எழுதினார். அதே வருஷம் அக்டோபரில் டார்ஸானையும் கொண்டுவந்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் இரண்டையும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். வாசகனின் ஆசைகள் தனித்தனியாகப் பொட்டலம் கட்டப்பட்டன. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் கம்பெனி 1915இல் துப்பறியும் கதைகளுக்கும், 1919இல் கௌபாய்க் கதைகளுக்கும், 1921இல் காதல் கதைகளுக்கும் தனித்தனியே பத்திரிகை ஆரம்பித்தது.

எழுத்தாளனின் பெயரும் கம்பெனியின் சொத்தாயிற்று. 1933இல் ஆரம்பித்த ‘டாக் சாவேஜ்’ பத்திரிகையின் நாவல்களை எழுதியவராக அச்சான கென்னத் ராப்ஸன் என்று ஒரு மனிதர் கிடையாது. பெரும்பாலானவற்றை எழுதியவர் லெஸ்டர் டென்ட். ஆறாயிரம் சொல் கதைக்கு அவர் ஒரு வாய்ப்பாடே வெளியிட்டார். ஆயிரத்து ஐந்நூறு சொற்களாக நான்கு கூறு. ஒவ்வொரு கூறிலும் நாயகனுக்குத் தலைக்கு மேல் கஷ்டம். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு திருப்பம். டென்ட் நேர்மையானவர், தன் தொழிலைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. அந்த வாய்ப்பாட்டைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால், வேறொரு காரணத்துக்காக, சிரிப்பு நின்றுவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

சுவர் ஆரம்பத்திலிருந்தே ஒழுகிக்கொண்டிருந்தது. ஹெச்.எல். மென்கனும் ஜார்ஜ் ஜீன் நேதனும் நடத்திய ‘ஸ்மார்ட் செட்’, 1915 மே இதழில் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ கதைகள் இரண்டை அமெரிக்க வாசகனுக்குக் கொடுத்த பத்திரிகை. அதற்குப் பணம் தேடி 1920இல் இருவரும் ‘பிளாக் மாஸ்க்’ என்ற பல்ப் பத்திரிகையை ஆரம்பித்தார்கள். எட்டு இதழ்களுக்குப் பிறகு லாபத்துக்கு விற்றுவிட்டார்கள். மென்கனுக்கு அது கைகழுவ வேண்டிய அசுத்தம். அந்த அசுத்தத்தில்தான் 1929 செப்டம்பரிலிருந்து 1930 ஜனவரி வரை டாஷியல் ஹாமெட்டின் ‘மால்டீஸ் ஃபால்கன்’ தொடராக வந்தது.

ஹாமெட்டை இன்று யாரும் மறுப்பதில்லை. துப்பறியும் கதைக்கு நகரமும் பேச்சுமொழியும் துணை இருந்தன. யதார்த்தவாதியான விமர்சகன் அதைச் சுலபமாக மன்னித்துவிடுவான். சங்கடப்படுத்துவது வாளும் பேயும் மந்திரவாதியும் வருகிற கதைகள்தான். அதனால் ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையை எடுத்துக்கொள்கிறேன்.

1923 மார்ச்சில் ஜே.சி. ஹென்னபெர்கர் ஆரம்பித்த இந்தப் பத்திரிகை பெரும்பாலும் கடனிலேயே காலம் தள்ளியது. 1924இலிருந்து 1940 வரை ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட். சங்கீத விமர்சகராக இருந்தவர்; பார்க்கின்ஸன் வியாதியால் கை நடுங்கியவர். அட்டையில் மார்கரெட் பிரண்டேஜ் பாஸ்டலில் வரைந்த நிர்வாணப் பெண்களைப் போட்டு விற்ற இதே மனிதர், 1935இல் ஷேக்ஸ்பியரின் ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தைப் பல்ப் பத்திரிகை வடிவத்தில், வர்ஜில் ஃபின்லேயின் சித்திரங்களோடு வெளியிட்டார். அது விற்கவில்லை. இந்த இரண்டையும் செய்தவர் ஒருவரேதான். எந்தப் பெட்டியில் அவரைப் போடுவது?

லவ்கிராஃப்டுடைய கதை இன்னும் விசேஷம். அவர் பல்ப் பத்திரிகையில் பிறந்தவரே அல்ல. 1914இல் அமெச்சூர் பத்திரிகைச் சங்கமொன்றில் சேர்ந்தார். அதன் அங்கத்தினர்கள் தாங்களே எழுதி, அச்சிட்டு, விற்பனையில்லாமல், ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். 1915இல் ‘கன்சர்வேடிவ்’ என்று சொந்தமாக ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். அவருடைய ‘டேகன்’ கதை 1919இல் அப்படியொரு பத்திரிகையில் வந்து, நான்கு வருஷங்கள் கழித்துத்தான் ‘வியர்ட் டேல்ஸ்’ ஏறியது. இது சிறுபத்திரிகை இல்லாமல் வேறென்ன? நம்மில் ஒருவர் வழி தவறிப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

போனவர் தனியாக இருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஆபர்ன் என்ற சிற்றூருக்கு வெளியே வாழ்ந்த கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்துக்கும், டெக்சஸில் கிராஸ் ப்ளெயின்ஸ் என்ற சிற்றூரிலிருந்த ராபர்ட் ஹவர்டுக்கும் அவர் வருஷக்கணக்கில் நீண்ட கடிதங்கள் எழுதினார். இருவரையும் அவர் நேரில் பார்த்ததே இல்லை. இண்டியானாபொலிஸில் ஒரு வங்கியில் வேலை பார்த்த கேத்தரின் மூர், தன் இரண்டாவது வருமானம் வங்கிக்குத் தெரியக்கூடாது என்று சி.எல். மூர் என்ற பெயரில் 1933இல் ‘ஷாம்ப்லோ’ கதையை அனுப்பினார். அவரும் இந்தக் கடித வட்டத்துக்குள் வந்தார். கதையைப் பற்றிய கடுமையான அபிப்பிராயங்கள், சரித்திரம், காட்டுமிராண்டித்தனமா நாகரிகமா என்ற ஓயாத சர்ச்சை எல்லாம் இந்தக் கடிதங்களில் நடந்தன. பத்திரிகை வெளியில் வியாபாரமாக இருந்தது. அதன் அடிவயிற்றில் ஒரு சிறுபத்திரிகை கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

*

இனி வாக்கியத்துக்கு வருகிறேன். விமர்சகன் கடைசியில் பதில் சொல்லவேண்டிய இடம் அதுதான்.

‘வியர்ட் டேல்ஸ்’ சொல்லுக்கு அரை சென்ட்டிலிருந்து ஒரு சென்ட் அளவில் கொடுத்தது, அதுவும் கதை வெளியான பிறகு. சொல்லுக்குச் சம்பளம் என்றால் சொல் பெருகும், பல்ப் கதைகளின் ஊளைச்சதை இப்படித்தான் வந்தது என்று ஒரு வாதம் உண்டு. நானும் அதை நம்பினேன். மூன்று பேரையும் சேர்த்துப் படித்தபோது அது பொருந்தவில்லை.

ஸ்மித் முதலில் கவிஞர். 1912இல் பத்தொன்பது வயதில் முதல் தொகுதி வந்தது. பிரெஞ்சைத் தானாகக் கற்று போதலேரை மொழிபெயர்த்தார். வயதான பெற்றோரைக் காப்பாற்ற 1929 முதல் ஐந்தாறு வருஷங்களில் நூறு கதைகளுக்கு மேல் எழுதினார். 1935இல் தாயும் 1937இல் தகப்பனும் இறந்தபின் கதை எழுதுவதை ஏறக்குறைய விட்டுவிட்டுக் கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பணத்துக்காக எழுதியவர்தான், ஆனால் அவர் வசனத்தின் கனம் பணத்தால் வந்ததல்ல, கவிதையிலிருந்து வந்தது. அகராதியின் தூசி படிந்த சொற்களை எடுத்து வந்து வரிசையாக அடுக்குவார். கதை சாக்கு, சொல்லின் ஓசைதான் நோக்கம். சில பக்கங்களில் மயக்கம் தருகிறது. மனிதன் என்று ஒருவன் கதைக்குள் வராததால் எனக்கு விரைவில் அலுத்துவிடுகிறது. இந்தக் குறை வியாபாரத்தின் குறையல்ல, அழகியல்வாதியின் குறை.

ஹவர்டுதான் உண்மையில் தொழில்காரர். குத்துச்சண்டைக் கதை, கௌபாய்க் கதை, பேய்க்கதை எதையும் எழுதினார். கோனன் என்ற பாத்திரம் 1932 டிசம்பரில் முதலில் அச்சேறிய கதை, விலைபோகாத ஒரு பழைய கதையைத் திருத்தி எழுதியது. 1936க்குள் பதினேழு கோனன் கதைகள் அந்தப் பத்திரிகைக்குப் போயின. அவற்றில் சிலவற்றில், அட்டைப் படத்துக்கென்றே ஒரு பெண்ணின் ஆடை அவிழ்கிறது. அந்த இடத்தில் வாக்கியமும் செத்துப் போகிறது. ஆனால் எழுத்து உயிரோடிருக்கும் இடங்களில் பெயரடையே குறைவு. வினைச்சொல் ஓடுகிறது. ஊளைச்சதை இல்லை. நாகரிகம் என்பது தற்செயல், அது கலையும், காட்டுமிராண்டித்தனம் திரும்பி வரும் என்ற அவருடைய எண்ணம் வாய்ப்பாட்டிலிருந்து வந்ததல்ல. எண்ணெய் கிடைத்ததும் ஒரு சிற்றூர் எப்படி ஒரே நாளில் வேட்டைக்காடாகும் என்பதைச் சிறுவயதில் கிராஸ் ப்ளெயின்ஸில் பார்த்தவர் அவர். அனுபவம் இருக்கிற பக்கமும் இல்லாத பக்கமும் ஒரே கதையில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அந்த மனிதருக்குப் பத்திரிகை நிறையப் பணம் பாக்கி வைத்திருந்தது. தாயின் வைத்தியச் செலவுக்காக அதைக் கேட்டு 1935 மே மாதம் எழுதினார். 1936 ஜூன் 11ஆம் தேதி, தாய்க்கு இனி நினைவு திரும்பாது என்று தெரிந்ததும், தன்னைச் சுட்டுக்கொண்டார். வயது முப்பது. தாய் மறுநாள் இறந்தாள்.

லவ்கிராஃப்டின் பெயரடைகளைப் பற்றி வில்சன் சொன்னது சரி. பயங்கரமான கதையில் பயங்கரம் என்று எழுதுவது தோல்வி. ஆனால் அவர் பெயரடையோடு நின்றுவிட்டார், அமைப்பைப் பார்க்கவில்லை. ‘கால் ஆஃப் கதூலு’வில் பயம் வர்ணனையில் இல்லை. இறந்துபோன ஒரு பேராசிரியரின் குறிப்புகள், ஒரு போலீஸ்காரரின் வாக்குமூலம், பழைய செய்தித்தாள் துண்டு ஒன்று என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது நடுவில் திறக்கிற பள்ளத்தில் இருக்கிறது. மனிதனைப் பொருட்படுத்தாத பிரபஞ்சம் என்பதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை, கதையின் கட்டுமானமாக ஆக்கினார். இந்தக் கதையை ரைட் முதலில் திருப்பி அனுப்பி, பிறகு 1928 பிப்ரவரியில் போட்டார். தென்துருவப் பயணத்தை விஞ்ஞான அறிக்கையின் நிதானத்தில் சொல்கிற ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ நாவலை 1931இல் நிராகரித்தார். லவ்கிராஃப்ட் அந்த அடியிலிருந்து முழுக்க எழுந்திருக்கவில்லை. 1936இல் வேறொரு பல்ப் பத்திரிகை அதைப் போட்டது, நீண்ட பாராக்களைத் துண்டுதுண்டாக உடைத்து.

ஆக, சொல்லுக்குக் காசு கொடுத்ததால் வாக்கியம் கெடவில்லை. போன மாதத்தையே திரும்பக் கேட்டதால் கெட்டது. அந்தக் கேள்விக்கு இணங்கிய இடத்தில் ஹவர்டு செத்தார், இணங்காத இடத்தில் பிழைத்தார். கோடு இரண்டு பத்திரிகைகளுக்கு நடுவில் ஓடவில்லை.

*

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் முடித்தால் அயோக்கியத்தனம். இந்தக் கதைகளில் நான் யார்?

‘அட்வெஞ்சர்’ பத்திரிகையில் டால்பட் மண்டி 1911இல் அறிமுகமானது இந்தியாவில் பன்றி வேட்டையாடுவது பற்றிய கட்டுரையோடு. 1930இல் ரைட் ‘ஓரியண்டல் ஸ்டோரீஸ்’ என்று தனியாக ஒரு பத்திரிகையே ஆரம்பித்தார். பெயர் மாறி 1934 ஜனவரியில் நின்றது. அதில் கிழக்கு என்பது ஒரு சாமான் அறை: கத்தி, விஷம், திரை, அடிமைப்பெண். ஹவர்டின் ‘பீப்பிள் ஆஃப் தி பிளாக் சர்க்கிள்’ கதையில் இந்தியாவுக்குப் பெயர் வெந்த்யா, விந்தியமலையை நாடாக்கிவிட்டார். அதன் ராணிக்காவது துணிச்சலும் சொந்த எண்ணமும் இருக்கின்றன. 1927இல் வந்த லவ்கிராஃப்டின் ‘ஹாரர் அட் ரெட் ஹூக்’ கதையில் எனக்கு அதுகூட இல்லை. புரூக்ளின் சந்துகளில் கும்பலாக நிற்கிற, பெயரில்லாத கறுத்த முகங்களில் ஒன்று நான். அந்தக் கதைக்குள் உள்ள பயத்துக்குக் காரணம் பிசாசு அல்ல, என் தோல்.

இது அவருடைய காலத்தின் குறை என்று ஒதுக்கமுடியாது. அவருடைய காலத்திலேயே வேறு மாதிரி எண்ணியவர்கள் இருந்தார்கள். உலக ஃபேண்டஸி விருதுக்கு 1975 முதல் அவர் தலையையே சிலையாகக் கொடுத்துவந்தார்கள். 2011இல் அதைப் பெற்ற நெடி ஓகோராஃபோர், நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினப் பெண், தன் சங்கடத்தைப் பகிரங்கமாக எழுதினார். 2015இல் சிலையை மாற்றுவதாக அறிவித்தார்கள். சரியான காரியம். ஆனால் சிலையை எடுத்தவுடன் விமர்சனம் முடிந்துவிடாது. அந்த வெறுப்பு கதையின் ஓரத்தில் ஒட்டிய அழுக்கல்ல, கதையை ஓட்டுகிற எந்திரத்தில் இருக்கிறது.

அதனால்தான் ‘ஷேடோ ஓவர் இன்ஸ்மத்’ முக்கியமாகிறது. கடல்வாசிகளோடு ரத்தம் கலந்த ஒரு துறைமுக ஊரிலிருந்து அருவருப்போடு தப்பி ஓடுகிறான் கதை சொல்கிறவன். கடைசியில் அந்த ரத்தம் தன்னிடமும் ஓடுவது தெரிகிறது. தற்கொலை செய்துகொள்ள எடுத்த துப்பாக்கியைக் கீழே வைக்கிறான். கடலுக்குப் போகத் தயாராகிறான். அவன் குரலில் அப்போது சந்தோஷம் இருக்கிறது. லவ்கிராஃப்ட் என்ற மனிதர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை அவருடைய கதை ஒப்புக்கொண்டுவிட்டது. இந்த இடத்தில் எனக்கு அவரிடம் ஒரு மரியாதை உண்டாகிறது, மன்னிப்பு அல்ல. ரெட் ஹூக்கின் கும்பலில் நின்ற நான், இங்கே ஒருமையில் பேச ஆரம்பிக்கிறேன்.

ரைட் இதையும் 1933இல் மறுத்தார். ஒரே இதழுக்கு நீளம் அதிகம், இரண்டாகப் பிரிக்கவும் வராது என்றார். 1936இல் வில்லியம் க்ராஃபோர்ட் என்ற இளைஞர் பென்சில்வேனியாவில் தன் சிறு அச்சகத்தில் புத்தகமாகப் போட்டார். கட்டப்பட்டவை சுமார் 200 பிரதிகள். ஏகப்பட்ட அச்சுப்பிழை, பிழைதிருத்தம் தனியாக அச்சடித்துச் செருகவேண்டியிருந்தது. லவ்கிராஃப்ட் உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஒரே கதைப் புத்தகம் இதுதான். அடுத்த மார்ச்சில் இறந்தார். 1939இல் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் சொந்தப் பணத்தில் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகம் ஆரம்பித்து அவருடைய கதைகளைத் தொகுத்தார்கள். 1268 பிரதிகள். விற்றுத் தீர நான்கு வருஷங்கள் பிடித்தன. நம்மில் யாருக்கும் விளக்கவேண்டாத எண்கள் இவை.

பத்திரிகைகள் போய்விட்டன. யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாடு, பாக்கெட் புத்தகம், காமிக்ஸ், டெலிவிஷன் எல்லாம் சேர்ந்து முடித்தன. 1949இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் தன் பல்ப் பத்திரிகைகளை ஏறக்குறைய மொத்தமாக நிறுத்தியது. ‘வியர்ட் டேல்ஸ்’ 1954 செப்டம்பரோடு நின்றது. அந்தப் பெயரைப் பின்னால் வேறு கைகள் எடுத்து நடத்தின. பழைய இதழ்களின் படங்களை இன்று திரையில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், தசை வளர்க்கும் விளம்பரங்களோடு. ஒரு முழு இதழைப் படித்தால் பெரும்பகுதி குப்பை என்பது இப்போதும் உண்மை. நூறு பக்கத்தைத் தாண்டித்தான் அந்தப் பத்துப் பக்கம் வருகிறது.

வியாபாரப் பத்திரிகையோடு நமக்குள்ள விரோதத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை வைக்கவேண்டிய இடத்தில் வைக்கச் சொல்கிறேன். லெஸ்டர் டென்ட்டின் வாய்ப்பாட்டைப் பார்த்து வந்த சிரிப்பு நின்றது, நம் பத்திரிகைகளின் பழைய இதழ்களை அதே வாரம் எடுத்துப் புரட்டியபோது. மூடிய ஜன்னல், காலியான அறை, பெயரற்ற ‘அவன்’, கடைசி வரியில் ஒரு மௌனம். என்னுடைய கவிதைகள் நான்கும் அதில் சேர்த்தி. எங்களுக்கு யாரும் சொல்லுக்கு அரை சென்ட் கொடுக்கவில்லை. ஆனாலும் போன மாதம் எழுதியதையேதான் நாங்களும் இந்த மாதம் எழுதியிருக்கிறோம்.